அது என்ன எறும்பு?

"எறும்பு கடிப்பதுபோல் இருக்கும், அவ்வளவுதான்." இந்த வாக்கியத்தை இதுவரை எத்தனை பேரிடம் சொல்லியிருப்பேன் என்று கணக்கில்லை. எனக்கு இதை யாரும் பாடமாகச் சொல்லித்தரவில்லை. மூத்தவர்கள் சொல்வதைக் கேட்டு வாயில் ஒட்டிக்கொண்டது. என்னிடம் படித்தவர்கள் வாயிலும் இந்நேரம் ஒட்டியிருக்கும். சிரிஞ்சைக் கையில் எடுத்தால் நாக்கு தானாகவே எறும்பை அழைத்துவிடுகிறது. அந்த அம்மாவிடமும் அப்படித்தான் சொன்னேன். ஓய்வுபெற்ற ஆசிரியை, அறுபதைத் தொட்டவர். மேல்தாடையில் இடப்பக்க முன்கடைவாய்ப்பல் ஒன்று வேர்வரை சொத்தையாகி, இனிக் காப்பாற்ற வழியில்லை என்ற நிலையில் வந்திருந்தார். கன்னப் பக்கம் ஓர் ஊசி, வாயின் மேற்கூரையான அண்ணத்தில் ஓர் ஊசி, ஐந்து நிமிடக் காத்திருப்பு. பல் அலுங்காமல் கையோடு வந்துவிட்டது. நல்ல வேலை என்று எனக்குள் ஒரு திருப்தி. பஞ்சைக் கடித்துக்கொண்டு எழுந்தவர் கதவருகே நின்று திரும்பினார். பஞ்சை நாக்கால் ஒரு பக்கம் ஒதுக்கிக்கொண்டு, "டாக்டர், பல் எடுத்தது எனக்குத் தெரியவே இல்லை. ஆனால் மேலே ஓர் ஊசி போட்டீர்களே, அது என்ன எறும்பு? கழுதை உதைத்ததுபோல் இருந்தது" என்றார். அவர் குரலில் கோபம் இல்லை. தப்பான விடை சொன்ன பையனிடம் "எங்கே, இன்னொரு தடவை சொல்" என்று கேட்கும் குரல்.

அப்போதைக்குச் சிரித்து மழுப்பிவிட்டேன். ஆனால் அந்தக் கழுதை என்னோடு வீடுவரை வந்தது. பல்லைப் பிடுங்குவதைக் கண்டு பயந்து வந்தவருக்குப் பிடுங்கியது நினைவில் இல்லை. வலியைப் போக்கப் போட்ட ஊசிதான் வலியாக நினைவில் நிற்கிறது. எங்கள் தொழிலில் இது புதிதல்ல என்பதுதான் உறுத்தல். எல்லோரும் அறிந்ததை "அண்ணம் என்றால் அப்படித்தான்" என்று சொல்லி மூடிவைத்திருக்கிறோம். நானும் அதே மூடியைப் பல வருடங்களாக அழுத்திப் பிடித்துக்கொண்டிருந்தவன்.

மேல்தாடை எளிது என்ற வாக்கு

கல்லூரியில் முதலில் காதில் விழுவது இதுதான்: மேல்தாடை எளிது, கீழ்த்தாடைதான் கடினம். காரணம் எலும்பு. கீழ்த்தாடையின் கடைவாய்ப் பகுதியில் எலும்பு கெட்டியானது; பல்லுக்குப் பக்கத்தில் மருந்தை விட்டால் உள்ளே இறங்காது. நரம்பு எலும்புக்குள் நுழையும் இடத்தைத் தாடையின் உட்பக்கம் தேடிப்போய்ப் பிடிக்க வேண்டும். கண்ணால் பார்க்க முடியாத இடம். கைப்பழக்கமும் கொஞ்சம் அதிர்ஷ்டமும் வேண்டும். மேல்தாடையின் வெளிச்சுவரோ மெல்லியது, நுண்துளைகள் நிறைந்தது. உதட்டைத் தூக்கி, கன்னமும் ஈறும் சந்திக்கும் மடிப்பில், வேர்நுனிக்கு நேராக ஊசியின் சாய்ந்த வாய் எலும்பைப் பார்க்கும்படி நுழைத்து, ஒரு மில்லி மருந்தை விட்டால் போதும். மூன்றிலிருந்து ஐந்து நிமிடத்தில் அதுவே எலும்பை ஊடுருவி வேர்நுனிக்குப் போய்ச் சேர்ந்துவிடும். ஈரச் சுவர் வழியே தண்ணீர் கசிவதுபோலத்தான். மாணவன் முதல் நாளே வெற்றி காண்கிற ஊசி இது. அதனாலேயே அதன்மேல் யாருக்கும் பெரிய மரியாதை கிடையாது.

எளிது என்ற அந்த வாக்கில் பொய் இல்லை, ஆனால் ஓட்டைகள் உண்டு. மேல் முதல் கடைவாய்ப்பல்லை எடுத்துக்கொள்ளுங்கள். அதற்கு மூன்று வேர்கள். மேல்தாடை நரம்பின் பின்கிளை கடைவாய்ப்பற்களுக்கு உணர்வு தருகிறது என்று படித்துவிட்டு, அந்தக் கிளையை மட்டும் மரக்கவைத்து வேலையைத் தொடங்கினால், சிலருக்கு அந்தப் பல்லின் முன்புறக் கன்னப்பக்க வேர் மட்டும் விழித்துக்கொண்டிருக்கும். அந்த வேர் வேறொரு கிளையின் ஆட்சியில் இருப்பதுண்டு. நடுக்கிளை என்று நூல்கள் சொல்லும் அது பலருக்குத் தனிக் கிளையாகவே இருப்பதில்லை என்பது இன்னொரு கூத்து. குழந்தைகளிடம் வேறு சிக்கல்: கன்ன எலும்பின் அடித்தளம் அந்தப் பல்லின் வேருக்கு மேலே தடிமனாக உட்கார்ந்திருப்பதால் மருந்து கசிந்து இறங்கத் தயங்கும். சீழ் கோத்த பல் என்றால் இன்னும் மோசம். வீங்கிய திசுவில் அமிலம் கூடிவிடுகிறது. மரக்கவைக்க நாங்கள் போடும் லிக்னோகெய்ன் மருந்தின் மூலக்கூறு நரம்புறையைத் தாண்ட வேண்டுமானால் மின்னேற்றம் இல்லாத வடிவில் இருக்க வேண்டும். அமிலச் சூழலில் அந்த வடிவம் அருகிவிடும். "இரண்டு ஊசி போட்டும் மரக்கவில்லை, என் உடம்புவாகு அப்படி" என்று நோயாளிகள் தங்களையே குறை சொல்லிக்கொள்வார்கள். பெரும்பாலும் அவர்கள் உடம்பில் கோளாறு இல்லை. சீழை விட்டு விலகி, நரம்பு வரும் வழியிலேயே தடுக்கவேண்டிய இடத்தில், புண்ணுக்குள்ளேயே மருந்தைக் கொட்டிக்கொண்டிருந்த கைதான் கோளாறு.

வழியில் தடுக்கும் அந்த ஊசிகளுக்கு பிளாக் என்று பெயர். எனக்குப் பிடித்தது கண்குழிக்குக் கீழே போடுவது. நோயாளியை நேராகப் பார்க்கச் சொல்லிவிட்டு, கண்பாவைக்கு நேர் கீழே, கண்குழியின் எலும்பு விளிம்பைத் தாண்டி விரலை இறக்கினால் ஒரு சின்னப் பள்ளம் தட்டுப்படும். அழுத்தினால் நோயாளி லேசாக முகம் சுளிப்பார். நரம்பு வெளியே வரும் துளை அதுதான். விரலை அங்கேயே வைத்துக்கொண்டு வாய்க்குள்ளிருந்து ஊசியை அந்த விரலை நோக்கி அனுப்ப வேண்டும். மருந்து இறங்குவது விரல் நுனிக்குக் கீழே தெரியும். பிறகு ஒன்றிரண்டு நிமிடம் விரலை எடுக்காமல் அழுத்திப் பிடித்தால் மருந்து துளைக்குள் போய் அந்தப் பக்கத்து முன்பற்கள் மொத்தமும் அடங்கிவிடும். தோலுக்கு மேலும் கீழுமாக இரண்டு கைகளும் பேசிக்கொள்ளும் ஊசி அது. பின்கிளைக்குப் போடுவதில் இந்தச் சுகம் இல்லை. மேலே, உள்ளே, பின்னே என்று மூன்று திசையிலும் ஒரே வீச்சில் சாய்த்து, பெரியவர்களுக்கு ஏறக்குறைய 16 மில்லிமீட்டர் ஆழம் போக வேண்டும். அதற்கு மேல் போனால் அங்கே ஒரு சிரைப் பின்னல் காத்திருக்கிறது. ஒருமுறை எனக்கு அது நேர்ந்தது. ஊசியை எடுத்த சில நிமிடங்களுக்குள் அந்த இளைஞரின் கன்னம் என் கண்ணெதிரே பந்துபோல் உப்பியது. ஐஸ் வைத்து அழுத்தினேன், பேச்சு வரவில்லை. அவர்தான் என்னைத் தேற்றினார். நீலமும் மஞ்சளுமாக இரண்டு வாரம் அந்தக் கன்னத்தைச் சுமந்தார். மருந்தைச் செலுத்துமுன் பின்னுக்கு இழுத்து இரத்தம் வருகிறதா என்று பார்ப்பதில் அன்றைக்குப் பிறகு நான் ஒருநாளும் சலுகை எடுத்ததில்லை.

இருந்தும், அந்தக் கன்னம் பழுத்த இளைஞர் மறுபடி வந்தார், சிரித்துக்கொண்டே வந்தார். யாரும் மறக்காதது அண்ண ஊசியைத்தான்.

யாரும் கை தூக்காத ஊசி

மாணவர்களாக இருந்தபோது நாங்கள் ஒருவருக்கொருவர் ஊசி போட்டுப் பழகினோம். கன்னப் பக்கம் போட்டுக்கொள்ள எல்லோரும் தயார். கீழ்த்தாடைக்குக்கூட துணிந்தவர்கள் இருந்தார்கள். அண்ணத்துக்கு யார் என்று கேட்டபோது அறை முழுக்க நிசப்தம். அப்போதே எங்களுக்கு விஷயம் தெரிந்திருக்கிறது. நமக்கு வேண்டாம் என்று ஒதுக்கியதை மறுவாரம் நோயாளிக்குப் போட்டோம், எறும்புக் கதையோடு.

இந்த மருந்துகளின் வரலாற்றைப் படிக்கும்போது எனக்குக் கூச்சமாக இருப்பது இதனால்தான். 1884-இல் வியன்னாவில் கார்ல் கோலர் கோகெய்ன் கண்ணை மரக்கவைக்கும் என்று காட்டினார். அந்த ஆண்டு முடிவதற்குள் நியூயார்க்கில் ஹால்ஸ்டெட், ஹால் என்ற இரண்டு அறுவை மருத்துவர்கள் அதைத் தாடை நரம்பருகே செலுத்திப் பார்த்துவிட்டார்கள், அதுவும் தங்கள் மேலும் தங்கள் சகாக்கள் மேலும். ஹால்ஸ்டெட் அதற்குக் கொடுத்த விலை கோகெய்ன் அடிமைத்தனம். ஏறக்குறைய அறுபது ஆண்டு கழித்து ஸ்வீடனில் நில்ஸ் லோஃப்கிரன் உருவாக்கிய லிக்னோகெய்னை அவருடைய சகாவான பெங்ட் லுண்ட்குவிஸ்ட் தன் உடம்பிலேயே ஏற்றிச் சோதித்தார். 1948-இல் சந்தைக்கு வந்த அது இன்றுவரை எங்கள் மேசையில் இருக்கிறது. குத்திக்கொண்டு பார்த்தவர்களின் மருந்தை, குத்திக்கொள்ளாத நாங்கள் போட்டுக்கொண்டிருக்கிறோம்.

அண்ணம் ஏன் இப்படி? உதட்டை உள்பக்கமாக நாக்கால் தடவிப் பாருங்கள், தளர்வாக நழுவும். அதே நாக்கை முன்பற்களுக்குப் பின்னால் வைத்துப் பாருங்கள். வரிவரியாக, அசையாமல், பாறையில் ஒட்டிய தோல்போல் இருக்கும். அங்கே சவ்வுக்கும் எலும்புக்கும் நடுவே இடமே இல்லை. இடமில்லாத இடத்தில் திரவத்தைத் திணித்தால் அது சவ்வை எலும்பிலிருந்து பிரித்துக்கொண்டுதான் போக வேண்டும். குத்துவது ஒரு கணம், பிரிப்பதுதான் கழுதை. பின்பக்கம், கடைவாய்ப்பற்களை ஒட்டிய பகுதியில், சவ்வின் கீழே கொஞ்சம் கொழுப்பும் சுரப்பிகளும் இருப்பதால் கொஞ்சம் இளக்கம் உண்டு. முன்னே நகர நகர இறுக்கம் கூடும். இரண்டு நடுப்பற்களுக்குப் பின்னால் ஒரு சின்னச் சதைமொட்டு இருக்கிறது. அதன் கீழேதான் மூக்கிலிருந்து வரும் நரம்பு அண்ணத்தில் இறங்குகிறது. அதில் நேராகக் குத்துபவரை நான் மன்னிக்க மாட்டேன். அட்ரினலின் கலந்த மருந்து வேறு அமிலத்தன்மை கொண்டது, இறங்கும்போதே எரியும். மேலே தடவும் ஜெல் இங்கே பெரிதாக உதவாது. அது மேற்பரப்பில் இரண்டு மூன்று மில்லிமீட்டர் போகும், குத்துவதை மழுங்கடிக்கும். எலும்பை ஒட்டி நடக்கும் பிரிவினை அதற்கு எட்டாது.

இதையெல்லாம் நான் வகுப்பில் நடத்தியிருக்கிறேன். பலகையில் படம் வரைந்து, அழுத்தம்தான் வலி, ஆகவே மெதுவாக, மெதுவாக என்று அடிக்கோடிட்டிருக்கிறேன். ஒரு நிமிடத்துக்கு ஒரு மில்லி என்பதே உத்தமம், 1.8 மில்லி கார்ட்ரிட்ஜ் (சிரிஞ்சில் பொருத்தும் மருந்துக் குப்பி) ஒன்றை எக்காரணம் கொண்டும் ஒரு நிமிடத்துக்குள் காலி செய்யக்கூடாது என்று தேர்வில் கேள்வியும் கேட்டிருக்கிறேன்.

பதினோரு நொடி

கழுதை என்னை விடாததால், என் உதவியாளரிடம் ஒருநாள் கேட்டேன். பன்னிரண்டு வருடமாக என் இடக்கைப் பக்கம் நிற்பவர். உறிஞ்சு குழாயை எப்போது கொண்டுவர வேண்டும் என்று என் மூச்சை வைத்தே தெரிந்துகொள்பவர். "இன்று நான் ஊசி போடும்போது உங்கள் கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொள்ளுங்கள். எவ்வளவு நேரம் ஆகிறது என்று சாயங்காலம் சொல்லுங்கள்" என்றேன். அன்று ஆறு பேர். சாயங்காலம் கருவிகளைக் கழுவிக்கொண்டே, சொல்லவா வேண்டாமா என்ற தயக்கத்தோடு ஒரு துண்டுச் சீட்டை நீட்டினார். கன்னப் பக்கம் முழு கார்ட்ரிட்ஜ்: 11 நொடி, 14 நொடி, 11 நொடி. அண்ணம்: 4 நொடி, 3 நொடி, 5 நொடி. சீட்டின் அடியில், கேட்காத ஒன்றையும் எழுதியிருந்தார்: "அண்ணத்தில் போடும்போது எல்லோருக்கும் கால் கட்டைவிரல் தூக்குகிறது."

அந்தச் சீட்டு இன்னும் என் மேசை இழுப்பறையில் இருக்கிறது. அவர் கடிகாரம் தப்பு என்று சொல்லத்தான் முதலில் வாய் வந்தது. என் மனக்கணக்கில் அது குறைந்தது நாற்பது நொடி. ஊசி நுழைந்த இடத்தையும், பின்னுக்கு இழுத்துப் பார்ப்பதையும், சவ்வு வெளுப்பதையும் ஒரே நேரத்தில் கவனிப்பவனுக்கு நேரம் நீள்கிறது. வாயைத் திறந்து படுத்திருப்பவருக்கும் நீள்கிறது. கடிகாரத்துக்கு மட்டும்தான் அது நான்கு நொடி. இன்னொன்றும் உறைத்தது. நான் அவசரப்பட்டதற்குக் காரணம் நேரமின்மை அல்ல. அடுத்தவர் வலிப்பதைப் பார்க்கப் பொறுக்கவில்லை. வலிக்கப்போகிறது, சீக்கிரம் முடித்துவிடலாம் என்று கட்டைவிரல் தானே முடிவெடுத்துவிடுகிறது. சீக்கிரம் முடிக்க அழுத்துகிறது, அழுத்துவதால் வலிக்கிறது. இரக்கம் என்று நான் நினைத்துக்கொண்டிருந்தது என் சங்கடத்தைச் சுருக்கிக்கொள்ளும் வழி. கால் விரல்களை நான் பார்க்காததும் அதனால்தான். என் நாற்காலியிலிருந்து தலையை லேசாகத் திருப்பினால் போதும், நன்றாகத் தெரியும்.

மாற்றிக்கொள்வது எளிதாக இல்லை. கட்டைவிரல் பிஸ்டனைத் தள்ளும் பழக்கம் எழுத்துப்போல. கோணல் எழுத்தை ஐம்பது வயதில் திருத்துவது எப்படியோ அப்படி. முதலில் பஞ்சு சுற்றிய குச்சியால் அண்ணத்தை, குத்தப்போகும் இடத்துக்கு ஒட்டினாற்போல், சவ்வு வெளுக்கும்வரை அழுத்திப் பிடிக்கப் பழகினேன். குத்தும்போதும் மருந்து இறங்கும்போதும் குச்சியை எடுப்பதில்லை. அழுத்தம் என்ற உணர்வு வலியின் வாசலை மறித்து நின்றுகொள்கிறது. வலியை ஆராய்ந்த மெல்சாக்கும் வாலும் 1965-இல் சொன்ன இந்த வாசல் கோட்பாட்டை அண்ணத்தில்போல் வேறெங்கும் இத்தனை தெளிவாக நான் பார்த்ததில்லை. பிறகு ஊசியின் சாய்ந்த வாயைச் சவ்வின்மேல் படுக்கவைத்து, குத்துமுன்னே ஒரு துளி, நுழைந்ததும் ஒரு துளி, நிறுத்தம், இன்னொரு துளி. கார்ட்ரிட்ஜில் கால் பங்குக்கு மேல் அண்ணத்துக்குத் தேவைப்படுவதில்லை. வெண்மை மெல்லப் பரவி ஈறின் ஓரத்தைத் தொடும்போது நிறுத்திவிடலாம். அதற்கு மேல் திணித்தால் இரத்த ஓட்டம் நின்று சவ்வு புண்ணாகும் ஆபத்தும் உண்டு. முன்பற்கள் என்றால் நேராக அண்ணத்துக்குப் போவதே இல்லை. உதட்டுப் பக்கம் மரத்த பிறகு, இரண்டு பற்களுக்கு இடையே உள்ள முக்கோண ஈறின் வழியாக ஊசியை நுழைத்து, மறுபக்கம் அண்ணம் வெளுப்பதைப் பார்த்துக்கொண்டு சில துளிகள். ஏற்கெனவே உறங்கும் இடத்திலிருந்து விழித்திருக்கும் இடத்துக்கு நடந்துபோவது. அந்தச் சதைமொட்டுக்குப் போய்ச்சேரும்போது அது பாதி தூக்கத்தில் இருக்கும்.

அண்ண ஊசியே வேண்டாம் என்பவர்களும் இருக்கிறார்கள். ஆர்டிகெய்ன் என்ற இன்னொரு மரக்க மருந்து எலும்பை நன்றாக ஊடுருவும், கன்னப் பக்கம் போட்டுவிட்டுப் பொறுமையாகக் காத்திருந்தால் அண்ணப் பக்கமும் மரத்துவிடும், பல்லை எடுத்துவிடலாம் என்று ஆய்வுகள் வந்திருக்கின்றன. நானும் செய்து பார்த்தேன். சிலருக்குப் பலித்தது. பலிக்காதவர் நடுவில் கண்ணைத் திறந்து என்னைப் பார்த்த பார்வையில், அந்தச் சூதாட்டத்தை முன்கடைவாய்ப்பற்களோடு நிறுத்திக்கொண்டேன். அங்கேயும் கூர்க்கருவியால் அண்ண ஈறைத் தொட்டுப் பார்க்காமல் இடுக்கியை எடுப்பதில்லை. இன்னொரு பக்கம் கணினி கட்டுப்படுத்தும் ஊசிக் கருவி வந்தது. 1990-களின் இறுதியில் அதைக் கொண்டுவந்தவர்களே அண்ணத்தின் ஒரே புள்ளியில், முன்கடைவாய்ப்பற்களுக்கு நேராக, ஈறின் ஓரத்துக்கும் அண்ணத்தின் நடுக்கோட்டுக்கும் இடைவழியில் போட்டு, உதட்டை மரக்கவைக்காமல் பல பற்களை ஒன்றாக மரக்கவைக்கும் முறையையும் சொன்னார்கள். பல்லின் அழகு வேலை செய்பவர்களுக்கு அது வரம்; உதடு கோணாமல் சிரிக்கச் சொல்லிப் பார்க்கலாம். நான் பயன்படுத்தியிருக்கிறேன், நல்ல கருவி. அதன் ரகசியம் என்ன என்று கேட்டால் ஒரே சொல்தான்: மெதுவாக. அந்தக் கருவிக்குச் சங்கடம் கிடையாது. எதிரில் இருப்பவரின் முகம் சுளித்தால் அது அவசரப்படாது.

என் கட்டைவிரலுக்கு அந்த அமைதி வர எட்டு மாதம் ஆனது. உதவியாளர் வாரத்துக்கு ஒருநாள், முன்கூட்டிச் சொல்லாமல், கடிகாரத்தைப் பார்ப்பார். சாயங்காலம் எண்ணை மட்டும் சொல்லுவார். 9. 16. மறுபடி 7, அன்று கூட்டம் அதிகம். பிறகு 25, 30 என்று நிலைக்கத் தொடங்கியது. எறும்பையும் விட்டுவிட்டேன். இப்போது சொல்வது: "மேலே போடும் ஊசியில் அழுத்தம் தெரியும், அரை நிமிடம் ஆகும், தாங்கவில்லை என்றால் இடக்கையைத் தூக்குங்கள், நிறுத்திவிடுவேன்." முதலில் தூக்கியவர் ஒரு கல்லூரி மாணவி. நிறுத்தினேன். அவர் ஆச்சரியத்தோடு என்னைப் பார்த்துவிட்டு, "சும்மா தூக்கிப் பார்த்தேன்" என்றார்.

ஆசிரியை ஒன்றரை வருடம் கழித்து வந்தார். இந்த முறை வலப்பக்கம், கடைவாய்ப்பல். நாற்காலியில் சாயுமுன்பே, "எறும்பு இருக்கிறதா?" என்று கேட்டார். "இல்லை. கொஞ்சம் வலிக்கும்" என்றேன். "அப்படிச் சொல்லுங்கள்" என்று வாயைத் திறந்தார். கன்னப் பக்கம் போட்டுவிட்டு, உதட்டுக் கோடு மந்தமாகும்வரை காத்திருந்தேன். குச்சியை அண்ணத்தில் வைத்து அழுத்தினேன். துளி, நிறுத்தம், துளி. வெண்மை ஒரு நாணயத்தளவு விரிந்தது. தலையைத் திருப்பிப் பார்த்தேன். செருப்பைக் கழற்றிவிட்டுப் படுத்திருந்தார். வலது கட்டைவிரல் ஒருமுறை நிமிர்ந்து, கொஞ்ச நேரம் அப்படியே நின்று, மெல்லத் தாழ்ந்தது. உதவியாளர் எனக்கு மட்டும் கேட்கும்படி "முப்பத்தைந்து" என்றார்.

வாயைக் கொப்பளித்துத் துப்பிவிட்டு நிமிர்ந்தவரிடம் எப்படி இருந்தது என்று கேட்டேன். விடைத்தாள் திருத்துபவர்போல் சற்று யோசித்தார்.

"கட்டெறும்பு" என்றார்.